எனக்கு எதிரான ஜெபம்

காஜா பெராங், மலாக்கா
16 செப்டம்பர் 1957

கர்த்தருக்குள் அன்பான என் கணவருக்கு,

ஜெயா எழுதுகிறேன். நானும் பிள்ளைகளும் சுகம். சிங்கப்பூரில் உங்களுக்கு இருமல் நின்றதா? உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன்.

அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை. சேலை கட்டிப் புறப்படும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஹஸீனாவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. அவள் கணவர் ஷரீஃபுதீன் பாய் கடைச் சரக்கு எடுக்க மூவாருக்குப் போயிருந்தார். பிள்ளைகளை உங்கள் அண்ணனோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு நான் அவளோடு இருந்தேன். மருத்துவச்சி வரும்வரை அவள் என் கையை விடவேயில்லை. உதறிவிட்டா போவேன்? நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது.

அன்று முதல், மாலைதோறும் செமாபோக்கிலிருந்து வந்து நடத்தும்படி நீங்கள் ஒப்படைத்த குடும்ப ஜெபத்தை, உங்கள் அண்ணன் எனக்கு எதிராகவே நடத்தினார். "ஆண்டவரே, ஓய்வுநாளை அற்பமாய் எண்ணின இந்த வீட்டுப் பெண்ணை உணர்த்தும்" என்று, பிள்ளைகள் முன்னால், நான் சமைத்ததைச் சாப்பிடப்போகும் வாயால்! கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவருக்கு என்ன பதில் சொல்வது? கடைசியில் நானும் ஆமென் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

போன வாரம் நம் கோகிலா, "அம்மா, நீங்க செத்தா நரகத்துக்கா போவீங்க? பெரியப்பா தெனமும் சொல்றாரே" என்று அழுதாள். ஏழு வயதுப் பிள்ளை! அன்று மாலை அவர் மறுபடி ஆரம்பித்ததும் எழுந்துவிட்டேன். "ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி என்னைத் திட்டாதீங்க. திட்டணும்னா கண்ணைத் திறந்து, என் மூஞ்சியைப் பாத்துத் திட்டுங்க" என்றேன். அவர் சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் வரவில்லை.

இப்போது ஜெபத்தை நானே நடத்துகிறேன். எனக்கு அவரைப்போலக் கோர்வையாக வராது. கோகிலா ஒரு சங்கீதம் வாசிக்கிறாள். ஹஸீனாவின் குழந்தைக்குச் சளி தீர வேண்டும் என்று அவளே வேண்டுகிறாள். சின்னவள் பாதியில் தூங்கிவிடுகிறாள்.

அண்ணன் எழுதியவுடன் எனக்குத் தீர்ப்பு எழுதினீர்களே, என்ன நடந்தது என்று ஒரு வரி கேட்டீர்களா? அவர் ஜெபத்தைவிட அதுதான் எனக்கு எரிகிறது.

லீவு கிடைத்ததும் வாருங்கள். எங்களோடு முழங்காலிடுங்கள். என்மேல் உங்களுக்கும் குறை இருந்தால், ஜெபத்துக்கு முன்பே அடுப்படிக்கு வந்து சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வரத்தைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.

உங்கள் மனைவி,
ஜெயா