விதைப்பு வண்டியும் வெண்டைக் கொல்லையும்

சிறுவாச்சூர்

30-1-1949, ஞாயிறு

திருச்சியிலிருந்து பஸ் கூரைமேல் விதைப்பு வண்டி வந்து இறங்கிவிட்டது. ஒரே சக்கரம், பின்னால் இரண்டு கைப்பிடி, நடுவில் விதைப் பெட்டி. தள்ளிக்கொண்டு நடந்தால் அதுவே சால் கீறி, விதை போட்டு, மண்ணையும் மூடிவிடுமாம். மனுஷன் மூளையை என்னவென்று சொல்ல!

கறவை எருமையை விற்று வாங்கியது. போன வருஷம் பாரவண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து என் இடுப்பு வளைவதில்லை. குனிந்து விதை ஊன்ற முடியாது. வீட்டுக்காரி பஞ்சவர்ணம் ஒருத்தி எவ்வளவுதான் ஊன்றுவாள்? பக்கத்துக் கொல்லைக் காசிநாதன் அண்ணன், "கொல்லைய எங்கிட்ட குத்தகைக்கு வுட்டுட்டு சும்மா உக்காருடா" என்கிறார். உட்காருவதா? என் நிலத்தில் இன்னொருத்தர் விதைப்பதை நான் வேடிக்கை பார்ப்பதா?

4-2-1949, வெள்ளி

தை வெள்ளி. பஞ்சவர்ணம் வண்டியைக் கழுவி, ஓர் இடம் விடாமல் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தாள். சக்கரத்தால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத் தள்ளினேன். குனியவே இல்லை! பொய்யில்லை, நின்றபடியே வெண்டை விதைத்தேன். மேற்கு வரப்பு வரை விதைத்தும் பெட்டியில் முக்கால்வாசி விதை அப்படியே இருக்கிறது. அடேயப்பா, என்ன சிக்கனம்!

11-2-1949

முளைக்கவில்லை. அங்கொன்று, இங்கொன்று — அவ்வளவுதான்.

அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். "மாசி பொறக்கட்டும், குத்தகை பேசிப்புடலாம்." எருமையும் போச்சு, பருவமும் போவுது. சே!

12-2-1949

பெட்டியைக் கழற்றினேன். விதை விழும் ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருக்கிறது! "ஓட்டைக்கெல்லாம் யாருடி பொட்டு வெப்பா?" என்று கத்திவிட்டேன். "வாய் மாதிரி இருந்திச்சு. அத மட்டும் வெறுமன வுடலாமான்னு வச்சேன்" என்கிறாள். அழுவதா, சிரிப்பதா? நான் மெச்சிய சிக்கனம் இதுதான்.

13-2-1949

ஈர்க்குச்சியால் குத்தி, கழுவி, மறுபடி விதைத்தேன். வீட்டில் இனி வெண்டை விதை கிடையாது.

20-2-1949, ஞாயிறு

முளைத்துவிட்டது! நூல் பிடித்த மாதிரி, வரப்பிலிருந்து வரப்பு வரை, ஒன்றுபோல் இடைவெளி விட்டு. நானா விதைத்தேன் இதை? விடிந்ததிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்தாயிற்று.

அண்ணன் வந்தார். ஒரு சால் முழுக்க நடந்து பார்த்தார். குத்தகைப் பேச்சே இல்லை. "தண்ணி எறைக்க எம் மாட்ட ஓட்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

27-2-1949, ஞாயிறு

கிழக்குத் துண்டில் இன்று கொத்தவரை. "நானும் தள்ளிப் பாக்கட்டுமா?" என்றாள் பஞ்சவர்ணம். கொடுத்துவிட்டு எதிர் வரப்பில் போய் நின்றேன்.

நேராக நடந்து வந்தாள். வளையல் குலுங்க, முகம் கொள்ளாத சிரிப்போடு. கிட்டே வந்து, "என்னங்க, இத்தினி வருஷமா குனிஞ்சு மண்ணத்தான் பாத்தேன். வெதைக்கிறப்ப உங்க மொகத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

வண்டியை நான் திரும்பக் கேட்கவில்லை. அவளே அடுத்த சாலுக்குத் திருப்பிக்கொண்டு போனாள்.