திருப்பி அனுப்பிய கஞ்சி

மைனி,

பக்கத்து வீட்டில் வாட்டி உலர்த்தின மரச்சீனிக் கிழங்கு வேகிறது. உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் அரிசி வாரத்தில் பாதி நாளைக்குத்தான் காணுகிறது என்பதால் இந்தப் புளித்த வாடை நம் தெருவை விட்டுப் போகவில்லை. வாடை வந்ததும் உங்கள் நினைப்பும் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. உங்கள்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சபையில் உபதேசியாராக இருந்த என் அண்ணன் காய்ச்சலில் போன பிறகு, நீங்களும் உங்கள் மகள் எஸ்தரும் நானும் மட்டும்தானே அந்த வீட்டில். உலையில் அரிசி போடும் முன்னே ஒரு பிடி எடுத்துக் கோவில் கலயத்தில் போடுவீர்கள். சபை வழக்கம்தான், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லா வீட்டுப் பிடியரிசியையும் கூட்டி ஏலம் விடுவார்கள். பர்மா அரிசி நின்று, சாலைக் கடைகளில் சாக்குகள் காலியாகி, மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தியபோதும் நீங்கள் நிறுத்தவில்லை. அரிசி இல்லாத நாளில் மரச்சீனித் துண்டைப் போட்டீர்கள். சபையார் இரக்கப்பட்டு, சேர்ந்த கொஞ்ச அரிசியில் ஒரு பங்கை ஏலம் விடாமல் நம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கர்த்தருக்குப் போட்டதைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டீர்கள். ஊரெல்லாம் உங்கள் பக்தியைப் புகழ்ந்தது. எனக்குப் பசித்தது.

எஸ்தருக்கு வயிற்றுப்போக்கு கண்டதும், மரச்சீனி ஆகாது, கஞ்சித்தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்றார் வைத்தியர். நம் வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று மத்தியானம் தாயம்மாள் வந்தாள். கோவில் முற்றம் பெருக்குகிறவள், அறுப்புக்குப் போய்க் கூலி நெல் வாங்குகிறவள், ஞானஸ்நானம் பெற்றும் கடைசிப் பாயில் உட்காருகிறவள். அவள் சாதியார் வீட்டில் நம்மவர் யாரும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவள் கையில் ஒரு சட்டிக் கஞ்சி, சூடாக. நீங்கள் வாசல்படியை விட்டு இறங்கவில்லை.

"இங்க ஒண்ணுக்கும் குறவில்ல தாயம்மா. கொண்டு போ."

"பிள்ளைக்கு மட்டுமாவது குடுங்கம்மா" என்றாள் அவள்.

நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். புறவாசல் வழியாக நான் ஓடுவதற்குள் அவள் வரப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது எஸ்தர் இல்லை. ஒரு வாய்க் கஞ்சி அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொண்டுவர வேண்டும். வந்தவர்கள் ஜெபம் செய்தார்கள், பாட்டுப் பாடினார்கள், வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டு அடுப்பும் அப்படித்தான் கிடந்தது. குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது தாயம்மாள் மறுபடியும் ஒரு சட்டிக் கஞ்சியோடு முற்றத்தில் நின்றாள். நீங்கள் இறங்கிப் போய் இரண்டு கையாலும் வாங்கி நின்றபடியே குடித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"நேத்து வாங்கியிருக்கலாம் பிள்ளே. குடுத்துக் குடுத்தே எனக்குப் பெரும வந்துபோச்சு."

அதன்பின் கோவிலில் நீங்கள் கடைசிப் பாயில் தாயம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்கள். இராப்போஜனத்தில் திராட்சரசப் பாத்திரம் முதலில் நம்மவர்களுக்கு, பிறகு அவர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே நடந்துவந்தது. நீங்கள் அவள் குடித்த பிறகு குடித்தீர்கள். நம் உறவுக்காரிகள் முணுமுணுத்தார்கள். உங்கள் பக்தியைப் புகழ்ந்த அதே வாய்கள்தான். நீளமாக ஜெபிக்கிறவர் என்று பெயரெடுத்த உங்கள் ஜெபமும் சுருங்கிப்போனது. "ஆண்டவரே, நீர் தர்றத வாங்குற மனசத் தாரும்." அவ்வளவுதான். அந்த மனசு உங்களுக்குக் கிடைத்தது என்றே நினைக்கிறேன். ஆனால் எஸ்தரின் பெயரை அதற்குப் பிறகு உங்கள் வாயால் நான் கேட்கவே இல்லை.

நானும் உங்கள் வீட்டுப் பெண்தானே மைனி. யார் எதை நீட்டினாலும் என் வாயில் முதலில் வருவது "வேண்டாம்"தான். அது வெளியே வருவதற்குள் கையை நீட்டி வாங்கிவிடுகிறேன். நன்றி சொல்கிறேன், உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பாதி சாப்பிட்டதும் கை நின்றுவிடுகிறது. மிச்சம் எஸ்தருக்கு என்று தோன்றிவிடுகிறது.