செல்லாமல் போன இருபதாவது தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே டுலூத் நகரில் எங்கள் கல்லூரி ஆய்வு முகாமில், தனியாக வாழும் இருபது முதியவர்களிடம், "இன்று யாருடன் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, ஆளுக்கொரு தாளில் பதிலை எழுத வேண்டும். இருபதாவது ஆள் ஹால்வர்சன் அம்மா. கேள்விக்கு முன்பே காட்டரிசி சூப்பை நீட்டினார்.

"முதல்ல குடி. பசியோட வந்தவளுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்."

குடித்துவிட்டுக் கேட்டேன்.

"உன்கூடத்தாண்டி! எழுதிக்கோ," என்று சிரித்தார்.

எங்கள் ஆசிரியை, "கேக்கப் போனவளே பதிலாயிட்டா தாள் செல்லாதும்மா," என்று அந்தத் தாளைக் கோடிட்டு அடித்துவிட்டார். நாளைக்குள் வேறொருவரைத் தேட வேண்டும். கண்டுபிடித்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

விடுதியில் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. இன்று தாளில்லாமல் அவர் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் புகையில் வாட்டி வைக்கும் ஏரிமீன் கொஞ்சம் அனுப்புங்கள், இரண்டு பேருக்கு வருகிற மாதிரி.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மாரித்