நாற்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு

எனக்கென்று இருந்த ஒரே அண்ணாவுக்கு,

அப்பா இறந்த வருஷம், நாற்பத்தைந்தாம் நாள் சிராத்தம் முடிந்த பிறகும் நீ ஏன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போகவில்லை? எனக்குப் பதில் தெரியாது. ஆனால் தெரியும் என்று நாளைக் காலை வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் டிஸ்சார்ஜ் பதிவை மாற்றச் சொல்லி மன்னி ராணுவத் தீர்ப்பாயத்துக்கு மனுப் போடுகிறாள். 'விரும்பத்தகாத சிப்பாய்' என்று எழுதி உன்னை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த வார்த்தையை எடுக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்பது. நீ இருந்தவரை அவள் இந்தப் பேச்சை எடுத்தாலே, "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வாய்.

இப்போது ஏன் என்று கேட்பாய். உன்னைக் கிடத்தியிருந்த அன்று, முன்னாள் ராணுவக்காரர்கள் நாலைந்து பேர் மலர்வளையத்தோடு வலியசாலையில் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டார்கள் என்று மன்னி உன் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர்களில் மூத்தவர் அந்த வார்த்தைவரை படித்தார், மூடித் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் மரியாதையாகக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். மலர்வளையம் காரைவிட்டு இறங்கவே இல்லை.

எனக்கு மலர்வளையத்திலும் நம்பிக்கை இல்லை, சிராத்தத்திலும் இல்லை. அது உனக்குத் தெரியும். ஆனால் அன்று மன்னியின் முகத்தைப் பார்த்தேன், அண்ணா.

பட்டாளத்தில் தண்டனையைச் சிவப்பு மையில் எழுதுவார்களாம், நாலு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம்; உன் பெயரில் சிவப்பு மைப் பதிவு நாலு. முதல் மூன்றும் உன் சொந்தச் சம்பாத்தியம்: குடித்தது, சுபேதாரை எதிர்த்துப் பேசியது, லீவு முடிந்து தாமதமாகப் போனது. "ரெஜிமெண்டுல எனக்கு 'ரம் சாமி'ன்னு பேராக்கும்" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். நாலாவதுதான் அப்பாவின் சாவோடு வந்தது.

மூத்த பிள்ளை நாற்பத்தைந்தாம் நாள்வரை ஊரைவிட்டு நகரக்கூடாது என்றார் காரியம் பண்ணிவைத்த வாத்தியார். லீவு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 'மூன்றாம் பக்ஷத்துச் சிராத்தம் முடித்து வருகிறேன்' என்று இங்கிலீஷில் தந்தி அடித்தாய். தேதி போடவில்லை. நம் தெருவில் யாருக்கும் அது போதும், நாற்பத்தைந்தாம் நாள் என்று புரிந்துவிடும். வடக்கே எல்லையில் இருந்த உன் கேப்டன் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்? பதில் வரவில்லை. நீயும் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாய்.

சிராத்தம் முடிந்ததும் போயிருந்தால் சின்னத் தண்டனையோடு தீர்ந்திருக்கும் என்கிறாள் வக்கீல். நீ போகாமலும் இல்லை. ட்ரங்குப் பெட்டியோடு தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனாய், சாயங்காலம் பெட்டியோடு திரும்பி வந்தாய். "வண்டி போயிடுத்து" என்றாய். அம்மா காப்பி கலந்து கொடுத்தாள். அடுத்த வாரமும் வண்டி போய்விட்டது. மூன்றாவது தடவை நீ போய்ச் சேர்ந்தபோது, ஓடிப்போனவன் என்று அங்கே எழுதி முடித்திருந்தார்கள்.

அம்மாவைத் தனியாக விட மனசு வரவில்லையா? அந்த சுபேதாரின் முகத்தில் விழிக்கப் பயமா? இல்லை, சும்மா அலுத்துப் போயிற்றா?

வக்கீல் தயாரித்திருக்கும் வாக்குமூலத்தில், நீ கடைசிவரை தங்கியது முழுக்க முழுக்க அப்பாவின் காரியங்களுக்காகவே என்று ஒரு வரி இருக்கிறது. அதை நேரில் அறிந்தவள் நான் என்றும் இருக்கிறது. இன்று மாலை இதை வைத்து மன்னியோடு சண்டை.

"அப்படி எழுதறதுல ஒனக்கு என்ன கொறைஞ்சு போறது?"

"நாப்பத்தஞ்சாம் நாள்வரைக்கும் எழுதலாம் மன்னி. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ஒன்னை எம்.ஏ. வரைக்கும் படிக்க வெச்சா?"

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வக்கீலிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். சின்னப் பெண், மலையாளத்தில் கெஞ்சினாள். "சேச்சி, ஈ வரி போயால் கேஸ் வீக்காணு." இந்த வரி போனால் கேஸ் பலவீனமாகிவிடுமாம். மன்னியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னிதான் அவளிடம் பேசினாள். "எடுத்துடு, மோளே. இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எங்கிட்டயே சொல்லலை. இவளுக்கு எங்கேர்ந்து தெரியப்போறது?"

புது வரி இப்படி இருக்கிறது: 'நாற்பத்தைந்தாம் நாள்வரை என் சகோதரர் தந்தையின் காரியங்களுக்காகத் தங்கினார். அதன் பிறகு தங்கிய காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.' கையெழுத்துப் போட்டேன். மனு போய்விட்டது. ஜெயிக்கும் என்று வக்கீல் சொல்லவில்லை. ஆட்டோவில் வீடுவரை மன்னி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

விசாரணைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் மன்னியைத் தனியாக அனுப்பமாட்டேன், அண்ணா. யார் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். நீ நல்லவன் என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காத,
உன் தங்கை