வெளிநாட்டுக் கேள்விகளுக்குப் பதில் இல்லை

மார்ச் 4, 2024

காலையிலிருந்து புதுக்கடை முதல் இனயம் வரை நான் வீடுகளுக்குக் கொடுத்த நெட் இணைப்பு ஒன்றும் ஓடவில்லை. கேபிள் அறுந்ததென்று மாடி மாடியாக ஏறினேன். மூட்டுவலிதான் மிச்சம். படுத்தது ஆபீசில் இருக்கும் பெயர் சர்வர். ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அது இருக்கும் எண்ணைச் சொல்லுவதுதான் அதன் வேலை. எவனோ லட்சக்கணக்கில் பொய்க் கேள்விகளை அனுப்பித் திணறடிக்கிறான். பிளஸ் டூவை இரண்டு தடவை எழுதிய என்னையும் ஒருத்தன் எதிரியாக மதித்துவிட்டான்!

இனயத்திலிருந்து சேக்காளி கிளீட்டஸ் கூப்பிட்டான். “ஒனக்க நெட்டு செத்துப்போச்சா மக்கா? அடக்கம் எப்ப?”

மார்ச் 6

கேள்விகள் வரும் முகவரிகளைப் பார்த்தேன். முக்கால்வாசி வெளிநாடு. பிரேசில்காரனுக்குப் புதுக்கடையில் என்ன ஜோலி? இந்தியாவுக்கு வெளியிலிருந்து எவன் கேட்டாலும் பதில் சொல்லாதே என்று சர்வரில் போட்டுவிட்டேன். எல்லாம் ஓடத் தொடங்கியது.

“அப்பா, ஒரு நாட்டுக்கே வாசல அடச்சிட்டியளா?” – மகள் அபிதா.

“எல்லா நாட்டுக்கும்” என்றேன். மீசையையும் தடவிக்கொண்டேன்.

மார்ச் 11

கிளீட்டஸ் போய்விட்டான். மாரடைப்பு.

அவன் மகன் ஷைஜுவுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. அங்கே வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசவும் முடியாது. இங்கே எல்லா அடக்கத்தையும் போல இதையும் என் லோக்கல் சேனல் தளத்தில் லைவ் விட வேண்டும்.

“அண்ணே, பிள்ள கடைசியா அப்பனுக்க முகத்தக் காணணும்” என்றாள் கிளீட்டஸின் மனைவி ஞானசெல்வி.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

மார்ச் 12

கேமராவோடு ஆபீஸ் பையன் லிபினை மாதா கோயிலுக்கு அனுப்பினேன். நான் ஆபீசில் சர்வருக்குக் காவல். இன்றைக்கென்று எவனும் அடித்துவிடக் கூடாதே. தொல்லை வேண்டாமென்று போனையும் சைலண்டில் போட்டேன். ஜெபம் தொடங்கியதும் வெளிநாட்டுக் கேள்விகள் குவிந்தன. ஒன்றுக்கும் பதில் போகவில்லை. “வாலே, வந்து முட்டு” என்று திரையைப் பார்த்துச் சிரித்தேன்.

அடக்கம் முடிந்து போனை எடுத்தேன். ஷைஜு. ஷைஜு. ஷைஜு.

முட்டியது அவன். அவனோடு இருக்கும் நம்ம ஊர்ப் பயல்கள்.

துபாய் வெளிநாடாம். வீட்டுக்கு ஒருத்தன் இருக்கிற இடத்தை எவன்டே வெளிநாடுண்ணு நெனப்பான்? – நான் நினைக்கவில்லையே. சர்வர் நினைத்தது.

மார்ச் 13

கல்ஃப் நாடுகளுக்குத் திறந்துவிட்டேன். அடக்க வீடியோவை ஷைஜுவுக்கு அனுப்பினேன். அவன் திறந்து பார்க்கவில்லை.

ஜூன் 2

ஷைஜு லீவில் வந்திருக்கிறான். கல்லறைக்குத் தன்னோடு வரச் சொன்னான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். திட்டவில்லை.

“வீடியோ பாக்க மனசு வரல்ல மாமா. நீங்க சொல்லுங்க. அம்மா எங்க நின்னாவ? பெட்டிய மூடுமுன்ன அப்பனுக்க நெத்தியில யாரு முத்தம் குடுத்தா?”

“நான் வரல்ல மக்கா. ஆபீசுல இருந்தேன்.”



“அப்ப நீங்களும் காணல்லயா?”

“இல்ல.”

சிலுவையடியில் கிடந்த சருகுகளைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினான். நானும் குனிந்தேன்.