ரேஷன் விரல்

என் தங்கச்சி லூர்து,

போன வாரம் உன் ஊருக்குப் போயிருந்தேன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றதால் பஸ் வெகுநேரம் நகரவில்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் உனக்குப் போன் போடுவேன். "எறங்கி நடந்து வாங்கண்ணே, தொந்தியாவது கொறையும்" என்பாய். இந்த முறையும் கை போனை எடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பையில் வைத்தேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் உனக்குத் தருவதாகச் சொன்ன திருத்தம் ஒன்று இன்னும் என்னிடமே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அண்ணாகிராமம் பக்கம் உங்கள் தெருப் பெண்களுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கும். சாம்பல் தொட்டுக்கொண்டாலும் விரல் தோல் உரியும், புதுத் தோல் வரும், அதுவும் உரியும். ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் வந்தபோது அந்த விரல்களை அது ஏற்கவில்லை. வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவர் விரலை வைத்து அரிசி வாங்கிவிடலாம். தனலட்சுமிக்கு யாருமில்லை. கணவர் இறந்தபின் கார்டில் அவள் பெயர் மட்டும்தான். மாதக் கடைசிக்குள் ரேகை பதியாவிட்டால் அந்தப் பெயரையும் எடுத்துவிடுவார்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

நான் வந்து அவள் கையைப் படம் எடுத்துப் போனேன். 'கைரேகை தொலைந்த பெண்கள்' என்று தலைப்பு வைத்தேன். செய்தி நன்றாக வந்திருப்பதாகப் பத்திரிகை அலுவலகத்தில் சொன்னார்கள். மறுநாள் காலை, மகளிர் குழுத் தலைவி என்று சொல்லிக்கொண்டு நீ போனில் வந்தாய்.

"நல்லாத்தான் எழுதிருக்கீங்கண்ணே. ஆனா தொலஞ்சிபோச்சின்னு யாரு சொன்னா? தேடிப் பாத்தீங்களா?"

தவறென்றால் திருத்தம் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பத்து விரலையும் நான் பார்த்திருக்கவில்லை. மிஷினில் அவள் வைத்த கட்டைவிரலை மட்டும்தான் பார்த்தேன்.

நீ தேடியிருந்தாய். உன் மகள் ஸ்டெல்லா வாங்கித் தந்த பழைய போன் உன் கட்டைவிரலுக்குத் திறக்கவில்லை, இடது சுண்டு விரலுக்குத் திறந்தது. நீயும் கொட்டை உடைத்து வளர்ந்தவள்தானே? இடது கையின் முன்விரல்கள் கொட்டையைப் பிடிக்கும், வலது கை மரக்கட்டையால் தட்டும். சுண்டு விரல் மட்டும் வேலையில் சேராமல் ஒதுங்கி நிற்கும். கைரேகை பற்றி நான் பேட்டி எடுத்த எந்த அதிகாரியும் இதை எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனோடு தெருவில் இறங்கினாய். ஒவ்வொருத்தி விரலையும் அதில் பதிந்து, பூட்டி, மறுபடி வைத்துத் திறக்கிறதா என்று பார்த்தாய். திறந்த விரலை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாய். சில விரல்களுக்கு மேல் போன் தாங்காது என்பதால் பழையதை அழித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாய். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ரேகையைப் புதிதாகப் பதியக் கடலூர் ஆதார் மையம் வரை போய் வெறுங்கையோடு திரும்புவதற்கு முன், எந்த விரல் செல்லும் என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

தனலட்சுமியின் பத்து விரல்களும் திறக்கவில்லை. "பாத்து லூர்து, எங் கைய உன் போனுக்குள்ளயே வச்சிப் பூட்டிடப்போற" என்று அவள்தான் முதலில் சிரித்தாள். நீ சிரிக்காமல் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். செக்கச்செவேலென்று இருந்தது. அழுக்குக் கையை மிஷின் எடுக்காது என்று நினைத்து, தினமும் செங்கல் துண்டால் விரலைத் தேய்த்திருக்கிறாள். எண்ணெய் விட்டுவைத்த கொஞ்சநஞ்ச ரேகையும் செங்கல்லில் போய்க்கொண்டிருந்தது.

வேலையை நிறுத்து என்று அவளிடம் சொல்ல முடியுமா? நீ அதைச் சொல்லவில்லை. இடது சுண்டு விரலில் துணி சுற்றி, அதன்மேல் பலூன் துண்டை மாட்டிவிட்டாய். அந்த விரலில் சாம்பலும் படக்கூடாது, செங்கல்லும் படக்கூடாது, தேங்காயெண்ணெய் மட்டும். தெருவே அதற்கு 'ரேஷன் வெரலு' என்று பெயர் வைத்தது. விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். "மனுவும் குடுத்துட்டேண்ணே. அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் அவ சோறு திங்க வேணாமா?" என்றாய்.

கெடுவுக்குச் சில நாட்கள் இருக்கையில் அந்த விரலுக்குப் போன் திறந்தது. ஆதார் மையத்துக்கு நானும் கூட வந்தேன். அங்கிருந்த பையன் கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னான். "தம்பி, அந்தக் கட்ட வெரலயே கட்டிக்கினு கெடக்காத. இந்தச் சுண்டு வெரலப் பாரு" என்றாய். அவன் பார்த்தான், பதிந்தது. ரேஷன் கடை மிஷினும் மாதம் முடிவதற்குள் அதை ஏற்றது. அன்று அரிசிப் பையை வலது கையில் தூக்கிக்கொண்டு, இடது சுண்டு விரலை எதிலும் படாமல் நீட்டிப் பிடித்தபடி தனலட்சுமி நடந்து போனதை நீதான் எனக்குக் காட்டினாய்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நீ கண்மூடிய மறுநாள், உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது உன் போன் அடித்தது. கிள்ளைப் பக்கம் இறால் உரிக்கிற பெண் ஒருத்தி. அங்கேயும் விரல் பார்க்கத் திங்கட்கிழமை வருகிறேன் என்றாயாமே, யார் யார் வர வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பெயர்களும் நம்பர்களும் போனுக்குள் இருந்தன. ஸ்டெல்லாவுக்கு உன் பூட்டு எண் தெரியவில்லை. எதை எதையோ போட்டுப் பார்த்து அழுதாள்.

தனலட்சுமி எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். பலூனைக் கழற்றி, சுண்டு விரலை வைத்தாள். போன் திறந்தது. அந்த வாரம்தான் மறுபடி சோதித்துப் பார்த்தாயாம், அவள் விரலை இன்னும் அழிக்கவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டுவைத்தாயா?

"எங் கை உள்ளதான் இருந்திச்சி" என்று உன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா கிள்ளைக்குப் போனாள். இன்றும் போகிறாள். இறால் முள்ளும் ஐஸும் வேறு விரல்களைத் தின்கின்றன, அங்கே பலருக்கு மோதிர விரல்தான் செல்கிறது என்று சொன்னாள். உங்கள் கடைக்குக் கண்ணைப் பார்க்கும் கருவியும் வந்துவிட்டது. கண்புரை உள்ளவர்களை அது திருப்பி அனுப்பும்போது உன் நோட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

இனி என் திருத்தம். 'கைரேகை தொலைந்த பெண்கள்' என்று நான் எழுதியது தவறு. தொலையவில்லை. தேடாதவன் நான். இனி யாரிடத்திலும் ஒன்று இல்லை என்று எழுதும் முன் பத்து விரலையும் பார்ப்பேன், லூர்து. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

போன் போட்டுத் திட்டத் தங்கச்சி இல்லாமல் போன,
உன் ரிப்போர்ட்டர் அண்ணன்,
கடலூர்