என்னோடு மட்டும் கதைக்கும் கார்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மிதுனா, மருமகன் ராகுலன், சின்னக்குட்டி மூவருக்கும்,

பிள்ளையார் புண்ணியத்தில் அம்மாவும் நானும் இங்கே சுகம். நாகோயாக் குளிரில் நீங்களும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதி மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைக்கிறார் என்று சிரிப்பாய். போன் எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பிறகு எனக்கு ஒரு வாக்கியம்கூட மிஞ்சாது. அதோடு நீ கேட்ட கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன், அது வாயால் சொல்ல வருகிற பதிலும் இல்லை. கீழ்வீட்டு றேணுகா மகனைப் பார்க்க அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மருமகன் கோபிப்பார். அவர் ஏலத்தில் தெரிந்தெடுத்து அனுப்பிய எங்கள் சிவப்புக் கார், என் சிவப்பி, ஒருகொடவத்தைச் சுங்க யார்டில் இருந்து வெளியே வந்து நாலு மாதம், இன்னும் நான் புகழ்ந்து முடியவில்லை. ஆயிரத்து ஐந்நூறு சீசீ என்றதும் எனக்கு முகம் சுருங்கியது உண்மை, எங்கள் பழைய வான் வண்டிக்கே இரண்டாயிரம் இருந்தது. டர்போ என்றால் என்ன என்று காலி வீதி நெரிசலில் விளங்கவில்லை. ஹைவேயில் ஏறி ஸ்போர்ட் பொத்தானை அழுத்திக் காலை வைத்தேன், ஒரு கணம் மூச்சை உள்ளே இழுத்தாள், அடுத்த கணம் முதுகு சீற்றோடு ஒட்டிவிட்டது, அம்மாவின் மடியில் இருந்த தோடம்பழப் பை கவிழ்ந்துவிட்டது. அவ்வளவு வேகத்திலும் வளைவில் ஓர் ஆட்டம் கிடையாது. அதே கார் சனிக்கிழமை சந்தைக்குப் போனால் பின்சீற்றை மடித்துக்கொண்டு இரண்டு மூட்டை அரிசியையும் ஒரு வாழைக்குலையையும் ஏற்றுகிறது. இரண்டு கையிலும் பை இருந்தால் பின்னுக்கு நின்று காலை ஆட்டினால் போதும், டிக்கி தானாகத் திறக்கும், அம்மா கோழி கலைப்பது போலக் காலை ஆட்டுவதைப் பார்க்க லேனில் ஆட்கள் நிற்கிறார்கள். உயரமான கார் என்பதால் மழைவெள்ளத்துக்கும் பயமில்லை, அம்மாவின் முழங்காலுக்கும் ஏறி இறங்கச் சுகம். ஸ்டியரிங்கைச் சூடாக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது, கொழும்பு வெயிலில் அதை என்ன செய்வது என்று மருமகனிடம் கேட்டுச் சொல்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அந்தப் பெண்குரல். காரை நிறுத்தும்போது யார் ஓட்டினாலும் ஜப்பான் பாசையில் ஒரு வரி சொல்லும். ஓடும்போது கதைத்ததோ என்னோடு மட்டும்தான். சேர்விஸ் செய்கிற புவாத் ஒருநாள் மொரட்டுவை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்களோட மட்டுந்தான் பேசுது அங்கிள், நான் ஓடினா வாயத் தொறக்குதில்ல" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கதைக்கும்போதெல்லாம் "ஓம் பிள்ளை, ஓம்" என்று பதில் சொல்லுவேன். அந்தப் பெருமையில்தான் குரலைப் பதிவு செய்து உனக்கு அனுப்பினேன். நீ என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்பா, அது உங்களோட செல்லம் கொஞ்சேல்ல. இடப்பக்கக் கோட்டைத் தாண்டுறீங்கள், கவனம் எண்டு சொல்லுது. ஒரு பயணத்தில எத்தினை தரம் சொல்லுது?" என்று கேட்டாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை மகள். முப்பத்துநாலு வருடம் நிலஅளவை செய்து நேர்கோடு பார்த்த கண்ணுக்கு ஒரு கார் கோடு காட்டுவதா என்று மூன்று நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் பல்கனியில் நின்று வலக்கண்ணை மூடிக்கொண்டு கடலோரம் போகும் ரயிலைப் பார்த்தேன். ரயிலில் ஒரு பாதி இல்லை. கண்ணைத் திறந்தால் முழு ரயிலும் போகிறது. அப்போதுதான் போன மாதம் இராமகிருஷ்ண வீதியில் என் இடப்பக்கக் கண்ணாடி ஓர் ஆட்டோவில் உரசியதும், அந்த ஆட்டோக்காரத் தம்பியை நான் சிங்களத்தில் ஏசியதும் நினைவு வந்தது. அவன் அசையாமல் நின்றிருந்தான், பிழை என்னுடையது. மறுநாள் அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அம்மாவுக்குச் சொல்லாமல் களுபோவில ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்க் கண்ணைக் காட்டினேன். கண் அழுத்தம், குளோக்கோமா என்றார் டொக்டர். இடக்கண்ணில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து. இனிக் கார் ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சித்திரையில் கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு நானே வந்து உங்களை ஏற்றுவேன், சின்னக்குட்டி முதல்முதலாக அம்மப்பாவின் ஓட்டத்தில்தான் வீட்டுக்கு வருவாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பஸ்ஸில் அதை நினைத்து அழுதேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தால் எழும்பிப்போய் அலுமாரியில் இருந்து தன் லைசென்ஸை எடுத்து வந்து மேசையில் வைத்தார். தொண்ணூற்றொன்றில் எடுத்தது, ஒருமுறையும் விடாமல் புதுப்பித்திருக்கிறார், நான் ஒவ்வொரு முறையும் இது என்னத்துக்கு என்று சிரித்திருக்கிறேன். "காலி ரோட்டு உமக்குச் சரிவராது எண்டு எத்தினை வருசம் சொன்னனீங்கள்? கார்த் திறப்பைத் தாங்கோ" என்றார். இரண்டு ஞாயிறு புவாத் பக்கத்தில் இருந்து மரைன் டிரைவில் பழக்கினான். மூன்றாம் ஞாயிறு அவனை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார், ஹைவேயில் ஸ்போர்ட் பொத்தானையும் அழுத்தினார், இந்த முறை தோடம்பழப் பையைப் பிடித்துக்கொண்டு இருந்தது நான். போய்வந்த தூரம் முழுக்க அந்தக் குரல் ஒருமுறைகூட வரவில்லை. இந்த மனுசியை இத்தனை வருடம் இடப்பக்கத்தில் இருத்தி வைத்தேனே என்று மனம் சுட்டது, அதை அவரிடமே சொன்னேன். "றோட்டைப் பாக்க விடுங்கோ" என்றார்.

ஆகவே சித்திரையில் அம்மாதான் உங்களை ஏற்ற வருவார், நான் இடப்பக்கச் சீற்றில் இருப்பேன். குழந்தைச் சீற்றை மறக்காமல் கொண்டுவாருங்கள், அதைப் பூட்டும் கொளுவி பின்சீற்றில் இருக்கிறது. இந்த நோய் பரம்பரையில் வருமாம், இந்த மாதமே நீ உன் கண்ணைக் காட்டு, நாளைக்கு என்று தள்ளாதே. மூவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பார்வையோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இன்னொன்று. அந்த மூன்றாம் ஞாயிறு அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அவள் வழக்கம்போல அந்த ஒரு வரியைச் சொன்னாள். என்ன சொல்லுறாள் என்று அம்மா கேட்டார். நல்லா ஓட்டினீங்கள் அம்மா என்று சொல்லுறாள் என்றேன். அன்று முழுக்க அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த வரிக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்ததும் அம்மா உன்னிடம் கேட்பார், நானும் பக்கத்தில் இருப்பேன், வேறு எதுவாக இருந்தாலும் நீயும் அதையே சொல்லு.

அன்புடன்,
அப்பா சிவபாலன்